விசில் ரீச்சரின் முதலாம் தவணை

மூன்று இடப்பெயர்வு, மூன்று ஊர், மூன்று சைக்கிள் கடை. மூன்றையும் தனியொருவனாய்க் கட்டியவன் நான். படித்தது மூன்றாம் வகுப்பு; அதுவும் முழுதாக இல்லை. டீசலைக் கண்ணால் காண முடியாத காலத்தில் தண்ணீர்ப் பம்பை மண்ணெண்ணெயில் ஓட வைத்தேன். பற்றரி கிடைக்காத காலத்தில் சைக்கிள் டைனமோவை மிதித்து றேடியோவைப் பாட வைத்தேன். இரண்டு சைக்கிளை ஒன்றாகப் பூட்டி, நடுவில் கட்டிலை வைத்து ஊருக்கு அம்புலன்ஸ் விட்டேன். வாய்க்காலுக்குக் குறுக்கே நான் பனங்குற்றியில் போட்ட பாலத்தில் பல வருஷம் உழவு இயந்திரம் போனது. போட்டவன் பெயர்தான் அதில் இல்லை. இதையெல்லாம் பெருமைக்காகச் சொல்லவில்லை. பெருமைக்காகச் சொல்வதென்றால் இன்னும் இருக்கிறது. இப்படிப்பட்ட நான், வாழ்நாளில் ஒரேயொரு ஆளைக் கண்டால் மட்டும் சைக்கிளை விட்டு இறங்கி, மடித்துக் கட்டிய சாரத்தை இறக்கிவிட்டு, ஓரமாக நின்றிருக்கிறேன்.

அவர்தான் விசில் ரீச்சர். வன்னி மண்ணில் மாடு, மனிதர், பஸ் மூன்றையும் ஒரே ஊதலில் நிறுத்தக்கூடிய ஆள் அவருக்கு முன்னும் பிறக்கவில்லை, பின்னும் பிறக்கவில்லை.

அவருக்குச் சொந்தப் பெயர் ஒன்று இருந்திருக்கும். சம்பளப் பட்டியலுக்கு வெளியே எவருக்கும் அது தேவைப்படவில்லை. ஐம்பது வயது, கொக்கு மாதிரி நெட்டை, நீலக்கரைச் சேலை, சங்கிலி தொங்க வேண்டிய இடத்தில் கறுப்புக் கயிற்றில் ஒரு விசில். கிளிநொச்சி நகரத்தில் மாடிக் கட்டடத்தோடு இருந்த பள்ளிக்கூடம், தொண்ணூறுகளின் நடுவில் ஊரோடு ஊராக இடம்பெயர்ந்து, அக்கராயனுக்கு அப்பால் காட்டோரத்தில் ஓலைக் கிடுகு வேய்ந்த நாலு கொட்டிலும் ஏழு பாலை மரமுமாக வந்து நின்றது. அதிபர் அலுவலாக வவுனியாவுக்குப் போனவர், போனவர்தான். உடற்பயிற்சி படிப்பித்த ரீச்சர் பதில் அதிபரானார். கதிரை இல்லாத அதிபர். நிற்கத்தான் தனக்கு விருப்பம் என்று சொல்லிவிட்டார்.

வந்த முதல் கிழமையே ஊருக்குத் தெரிந்துவிட்டது. எங்கள் பாதையில் ஒரேயொரு பஸ். பள்ளிக்கூடப் பிள்ளைகளைக் கண்டால் அதன் சாரதி வேகத்தைக் கூட்டுவான். ரீச்சர் வீதியோரம் நின்று ஊதினார். பஸ் கிறீச்சிட்டு நின்றது. சாரதி தலையை வெளியே நீட்டினான்.

"ஆர் பொலிஸோ?"

"பொலிஸ் இல்லை, எட்டாம் வகுப்பு. ஏத்துங்கோ."

ஏற்றினான். அதற்குப் பிறகு அந்தச் சாரதி ரீச்சர் நிற்காத நாளிலும் அந்த இடத்தில் பஸ்ஸை நிற்பாட்டிவிட்டுச் சுற்றுமுற்றும் பார்ப்பான்.

ஊதலில் மூன்று வகை. நீளமாக ஒன்று என்றால் நில். குட்டையாக இரண்டு என்றால் ஓடி வா. மூன்று என்றால் பிழை, திரும்பச் செய். வேலித் தகராறில் அண்ணனும் தம்பியும் மண்வெட்டி தூக்கிய அன்று, அந்த வழியால் போன ரீச்சர் நீளமாக ஒன்று ஊதினார். இருவரும் மண்வெட்டியைக் கீழே போட்டார்கள். அது பெரிதில்லை. உயரத்தின்படி வரிசையாக நின்றார்கள். அதுதான் பெரிது. மைதானத்துக்குள் மேய வந்த மாட்டுப் பட்டி, மூன்றாம் கிழமையில், முதலாம் பாட ஊதலுக்குத் தானாகவே எழும்பி வெளியே போனது. என் மனுசி அந்த ஊதலுக்குத்தான் உலை வைப்பாள்.

இன்னொரு பழக்கம், நடக்கும்போது காலடி எண்ணுவது. கதைத்துக்கொண்டே எண்ணுவார். கொட்டிலில் இருந்து கிணறு எத்தனை அடி, கிணற்றில் இருந்து என் கடை எத்தனை அடி, எல்லாம் அவர் வாயில் இருக்கும். நூறு மீற்றர் என்றால் அவருக்குச் சரியாக நூற்று நாற்பது அடி. ஒன்று கூடாது, ஒன்று குறையாது.

மூன்றாவது பழக்கம் சம்பவத் திரட்டு. பள்ளிக்கூடத்தில் நடப்பதை அதிபர் நாளாந்தம் எழுதி வைக்கும் பெரிய புத்தகம் அது. மற்ற அதிபர்கள் அதில் அதிகாரி வந்தார், போனார் என்று எழுதுவார்கள். ரீச்சர் தன் கண்ணால் கண்டதைத் தவிர ஒரு எழுத்தும் எழுத மாட்டார். கண்டதில் ஒரு எழுத்தும் விடமாட்டார்.

அந்த வருஷம் தை பிறந்தவுடன் வலயக் கல்வி அலுவலகத்தில் இருந்து ஒரு கடிதம் வந்தது. பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கூட்டத்தில் பாலை மரத்தடியில் ரீச்சர் அதை வாசித்தார். நான் அந்தச் சங்கத்தில் உறுப்பினன், உண்மையில் முதுகெலும்பு. தனித்து இயங்கும் ஆற்றல் இல்லாத இடம்பெயர்ந்த பாடசாலைகள் முதலாம் தவணை முடிவில், அதாவது சித்திரை விடுமுறையோடு, பக்கத்துப் பாடசாலையோடு இணைக்கப்படும் என்று எழுதியிருந்தது. வலயக் கல்விப் பணிப்பாளர் நேரில் வந்து பார்த்து முடிவு சொல்வாராம்.

"இணைச்சா என்ன ரீச்சர்? பிள்ளையள் எங்க படிச்சாலும் படிப்புத்தானே?" என்று கேட்டார் சங்கச் செயலாளர்.

"இணைச்சா பேர் போயிடும்."

"பேர்தானே?"

ரீச்சர் அவரைப் பார்த்த பார்வையில் செயலாளர் தன் பெயரையே மறந்திருப்பார். "வீடு போச்சு, கட்டடம் போச்சு, மேசை கதிரை போச்சு. இந்தப் பிள்ளையள் அங்க இருந்து கொண்டு வந்தது இந்தப் பேர் ஒண்டுதான். அதையும் நான் குடுக்க ஏலாது. ஒரு நல்ல பள்ளிக்கூடம் ஒரு தவணைக்குள்ள என்னென்ன செய்யுமோ, அவ்வளவும் நாங்கள் செய்வம். வந்து பாக்கட்டும்."

எங்களிடம் இருந்தது நாலு கொட்டில். ரீச்சர் கொப்பியில் எழுதிய பட்டியல் இரண்டு பக்கம்.

அந்தத் தவணை தொடங்கும்போதே ஒரு சோதனை. விசிலுக்குள் உருளுகிற குண்டு உடைந்துபோனது. ரீச்சர் கடைக்கு வந்து விசிலை என் மேசையில் வைத்தார்.

"சைக்கிள்காரர், இதுக்குச் சத்தம் வேணும்."

"ரீச்சர், உழவு இயந்திரத்துக்கே சத்தம் குடுத்தவன் நான்," என்று சொல்லி, மனுசி புடைத்துக்கொண்டிருந்த சுளகில் இருந்து ஒரு பயற்றை எடுத்து உள்ளே விட்டேன். அருமையான சத்தம். மூன்று நாள் ஊர் அதிர்ந்தது. நாலாம் நாள் காலைக் கூட்டத்தில் ரீச்சர் ஊதினார். அடைக் கோழி கொக்கரிக்கிற மாதிரி ஒரு சத்தம் வந்தது. பிள்ளைகள் சிரிக்கவில்லை. சிரிக்கப் பயம். ரீச்சர் நேரே கடைக்கு வந்தார்.

"முளைச்சிட்டுது."

பார்த்தேன். எச்சில் பட்டுப் பட்டுப் பயறு ஊதி, வெள்ளையாக முளை விட்டிருந்தது.

"சைக்கிள் கடையோ வயலோ வைச்சிருக்கிறியள்?" என்றார்.

மருந்துப் போத்தல் மூடியின் தக்கையைக் குண்டாக அராவிப் போட்டுக் கொடுத்தேன். பழைய சத்தத்தை விட அரை மைல் கூடப் போனது. அது என் கைவேலை. ரீச்சர் அந்த முளைத்த பயற்றை வீசவில்லை. கொட்டிலுக்குப் பின்னால் குழி தோண்டி நட்டார். அன்று மாலை சம்பவத் திரட்டில் எழுதினார்: "பாடசாலைத் தோட்டம் ஆரம்பிக்கப்பட்டது. பயிர்: பயறு, ஒன்று." பட்டியலில் முதலாவது வேலை முடிந்தது.

பிறகு நடந்ததை எண்ணிப் பார்த்தால் எனக்கு இப்போதும் மூச்சு வாங்குகிறது. பாண்ட் வாத்தியக் குழு வேண்டும் என்றார். மண்ணெண்ணெய் வந்த தகரப் பரலை நான் இரண்டாக வெட்டி, ஆட்டுத் தோலைப் போட்டு, சைக்கிள் கம்பியால் இழுத்து முறுக்கிக் கொடுத்தேன். தாளத்துக்குச் சட்டி மூடிகள். குழுவுக்கு ஒரேயொரு மெட்டுத்தான் தெரியும். விருந்தினர் வந்தாலும் அது, பரிசு கொடுத்தாலும் அது, மழை வந்து எல்லோரும் ஓடினாலும் அது. கரப்பந்தாட்டத்துக்கு வலை இல்லை. ரீச்சர் பஸ் ஏறி முல்லைத்தீவுக்குப் போய் ஒரு பழைய மீன் வலையோடு வந்தார். ஊர்ப் பூனை அத்தனையும் எல்லைக் கோட்டில் குந்தியிருக்க, எங்கள் பிள்ளைகள் மூன்று பள்ளிக்கூடத்தை வென்றார்கள். தோற்றவர்கள் மணத்தில் மயங்கித் தோற்றார்கள் என்று ஒரு கதை உலவியது. பொறாமைக்காரர் கதை.

கையெழுத்துச் சஞ்சிகை ஒன்று வெளியிட்டார். பழைய படிவங்களின் பின்பக்கத்தில் எழுதியது, ஒரேயொரு பிரதி. ஊரில் அதை வாசிக்க முறை வைத்தார்கள். என் வீட்டுக்கு வந்தபோது மனுசி எனக்கு வாசித்துக் காட்டினாள். அடுத்த வீட்டுக்காரி வாசலில் காத்து நின்றாள்.

விஞ்ஞானக் கண்காட்சி நடந்தது. என் டைனமோ றேடியோ அதில் முதலாம் கொட்டிலில் முதலாம் பொருள். சனம் திருவிழாவுக்கு வந்த மாதிரி வந்தது. ரீச்சர் வாசலில் நின்று எண்ணினார். திரட்டில் எழுதினார்: "பார்வையாளர்: பெரியோர், சிறுவர் நானூற்றுப் பன்னிரண்டு. ஆடு இரண்டு." ஆட்டை ஏன் எழுதினீர்கள் என்று கேட்டேன்.

"உள்ள வந்ததுகள்தானே," என்றார்.

விவாதப் போட்டிக்குப் பக்கத்துப் பள்ளிக்கூடத்தை அழைத்தார். எங்களை எந்தப் பள்ளிக்கூடம் விழுங்க இருந்ததோ, அதே பள்ளிக்கூடத்தை. தலைப்பு, வன்னி வாழ்க்கைக்கு அவசியமானது சைக்கிளா மாடா. நான் முன் வரிசையில் புதுச் சட்டையோடு போய் இருந்தேன். எங்கள் பிள்ளைகளுக்குக் கிடைத்தது மாடு. ஒருத்தி எழும்பிச் சொன்னாள்: "சைக்கிள் பழுதானால் கடைக்காரரிடம் போக வேண்டும்; மாடு தன் காலைத் தானே திருத்திக்கொள்ளும்." சனம் கை தட்டியது. என்னைத் திரும்பிப் பார்த்துக் கை தட்டியது. முடிவில் மாடு வென்றது. ஆனாலும் நானும் தட்டினேன். வென்றது எங்கள் பள்ளிக்கூடம் அல்லவா.

இனி மிச்சம் ஒன்றுதான், விளையாட்டுப் போட்டி. பணிப்பாளர் அன்றைக்குத்தான் வருவதாக அறிவித்திருந்தார். அதில் சறுக்கினால் தவணை முழுவதும் செய்த வேலை காற்றோடு போகும்.

மைதானம் என்பது காடு வெட்டிய ஒரு வெளி. ஓட்டப் பாதை போட அளவு நாடா இல்லை. தையல்காரரிடம் ஒன்று இருந்தது. அதால் நூறு மீற்றர் அளப்பதென்றால் இரண்டாம் தவணை வந்துவிடும். நான் முன்னால் வந்தேன்.

"ரீச்சர், என்னட்ட விடுங்கோ. இருபத்தெட்டு அங்குலச் சில்லு நாப்பத்தஞ்சு தரம் சுத்தினா நூறு மீற்றர். நான் கண்டுபிடிச்ச கணக்கு. இந்த ஊர் வேலியெல்லாம் அப்பிடித்தான் அளந்தனான்."

"நான் பிறகு ஒருக்கா நடந்து பாக்கட்டோ?"

"என்னிலை நம்பிக்கை இல்லையோ ரீச்சர்?"

ரீச்சர் கொப்பியை மூடினார். "சரி, நம்புறன்," என்று சொல்லிவிட்டு, இல்லங்கள் என்று பிரித்த அணிகள் சோடிக்கிற இடத்துக்குப் போனார். சிவப்பு இல்லத்துக்காரர் தோரணத்தைத் தலைகீழாகக் கட்டியிருந்தார்கள்; அங்கிருந்து மூன்று ஊதல் கேட்டது.

நான் சில்லின் வால்வைக் கீழே வைத்து, கம்பியில் சிவப்புத் துணி கட்டி, சைக்கிளைத் தள்ளிக்கொண்டு எண்ணினேன். செயலாளர் கூடவே நடந்து வந்தார். அவருக்கு நான் வாய்க்கால் பாலம் கட்டிய கதையைச் சொல்லிக்கொண்டு போனேன். நாற்பத்தைந்தில் தடி நட்டேன். வேலை சுத்தம்.

போட்டி நாள் வந்தது. பணிப்பாளர் கறுப்புக் கண்ணாடி, நிறுத்தற் கடிகாரம், ஒரு கோப்பு ஆகியவற்றோடு மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினார். ஒற்றை மெட்டில் பாண்ட் வரவேற்றது. அணிநடை பார்த்தார், முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. இல்லச் சோடனை பார்த்தார், ஒன்றும் தெரியவில்லை. பிறகு பெண்களுக்கான நூறு மீற்றர் வந்தது.

தவமலர் பத்தாம் வகுப்பு. தண்ணீருக்காகத் தினம் இரண்டு மைல் போய் வருகிற பிள்ளை. ஓடினால் காலும் தெரியாது, பாவாடையும் தெரியாது. ரீச்சர் ஊதினார். அவள் பறந்தாள். பணிப்பாளர் கடிகாரத்தை அமத்திவிட்டுக் குனிந்து பார்த்தார். கண்ணாடியைக் கழற்றிவிட்டுத் திரும்பவும் பார்த்தார்.

"பன்னிரண்டு செக்கன்."

வலயத்தில் அதுவரை பதின்மூன்றுக்குக் கீழே ஓடிய பிள்ளை இல்லையாம். பணிப்பாளர் எழும்பி நின்றே விட்டார். ஒலிபெருக்கியைத் தானே வாங்கினார்.

"இது வலயச் சாதனை. இப்பிடி ஒரு பிள்ளையை உருவாக்கின பள்ளிக்கூடத்தை ஆர் போய் இன்னொண்டோட இணைப்பான்? நான் அலுவலகத்தில போய் இதைத்தான் சொல்லப்போறன்."

சனம் ஆர்ப்பரித்தது. தவமலரின் தகப்பன் அழுதார். செயலாளர் என்னைக் கட்டிப்பிடித்தார். நானும் பாதை அளந்தவன் என்ற முறையில் அந்தக் கட்டிப்பிடிப்பைப் பெற்றுக்கொண்டேன். பெயர் தப்பிவிட்டது.

பணிப்பாளர் ஓடிய இடத்தைப் பார்க்க ஆசைப்பட்டார். ரீச்சர் அவரைத் தொடக்கக் கோட்டில் இருந்து முடிவுக் கோட்டுக்குக் கூட்டிப் போனார். அவர் கதைத்துக்கொண்டு வந்தார். ரீச்சர் ஓம், ஓம் என்று தலையாட்டிக்கொண்டு வந்தார். முடிவுக் கோட்டில் ரீச்சர் நின்றார். திரும்பித் தொடக்கத்தைப் பார்த்தார். பணிப்பாளரை அங்கேயே விட்டுவிட்டு, நேரே என்னிடம் வந்தார். ஊதவில்லை.

"சைக்கிள்காரர், நூற்று முப்பத்தொண்டு அடிதான் வருது. எந்தச் சைக்கிளால அளந்தனீங்கள்?"

"என்ர சைக்கிளாலதான் ரீச்சர்." வாய் சொல்லிவிட்டது.

பக்கத்தில் நின்ற என் மனுசி என்னைப் பார்த்தாள். "என்னப்பா விசர்க்கதை? பாதை அளந்த அண்டைக்கு உங்கட சைக்கிளைப் பள்ளிக்கூடத்துச் சித்திர மாஸ்டர் அழைப்பிதழ் குடுக்கக் கொண்டுபோனவரெல்லே. நீங்கள் என்ரயைத்தானே தள்ளிக்கொண்டு போனீங்கள்."

என் மனுசியின் சைக்கிள் பெண்கள் ஓடுகிற சைக்கிள். அதன் சில்லு இருபத்தாறு அங்குலம். நாற்பத்தைந்து சுற்றுக்கு ஏழு மீற்றர் குறையும். மூன்று ஊரில் மூன்று சைக்கிள் கடை கட்டியவன், சில்லின் அளவைப் பார்க்காமல் உருட்டியிருக்கிறேன். பாலத்தின் கதை சொல்லிக்கொண்டு உருட்டியிருக்கிறேன்.

"ரீச்சர்," என்றேன் மெதுவாக, "உங்களைக் கும்பிட்டுக் கேக்கிறன், விடுங்கோ. அந்த மனிசன் எல்லாருக்கும் முன்னால சொல்லிப்போட்டுது. பேர் தப்பியிட்டுது. ஏழு மீற்றர் ஆருக்குத் தெரியும்?"

"எனக்குத் தெரியும்."

"திரும்ப ஓடி நேரம் கூடினா? பள்ளிக்கூடம் போயிடுமெல்லே."

"போகலாம்." விசில் கயிற்றை விரலில் இறுகச் சுற்றினார். அவரும் பயப்படுவார் என்று அன்றைக்குத்தான் கண்டேன். "ஆனா அவள் ஓடாத ஏழு மீற்றரை ஓடினதா எழுத என்னால ஏலாது. நாளைக்கு வேற மைதானத்தில ஓடி அவள் பதின்மூண்டு எடுத்தா, பிள்ளையைத்தான் கள்ளி எண்டு சொல்லுவாங்கள்."

பிறகு ஊதினார். மூன்று ஊதல். பிழை, திரும்பச் செய். மைதானத்தில் அசைந்தது ஒன்றும் இல்லை.

ஒலிபெருக்கியில் ரீச்சர் சொன்னார்: "ஓட்டப் பாதை ஏழு மீற்றர் குறைவு. நூறு மீற்றர் ஓட்டமெல்லாம் திரும்ப நடக்கும். அளவுப் பிழைக்கு நான்தான் பொறுப்பு."

நான்தான் என்றார். நான் பக்கத்தில்தான் நின்றேன். நூற்றுக்கணக்கான கண் ரீச்சரைப் பார்த்தது. ஒன்றும் என்னைப் பார்க்கவில்லை. வாயைத் திறந்து சொல்லியிருக்க வேண்டும். எந்நேரமும் திறந்திருக்கிற வாய் அன்றைக்கு மட்டும் பூட்டிக்கொண்டது.

பணிப்பாளரின் முகம் கறுத்தது. தவமலரின் தகப்பன் வேலியைத் தாண்டி வந்துவிட்டார்.

"ரீச்சர், என்ர பிள்ளை ஓடி வெண்ட பிறகு பாதையை நீட்டுறியளோ? என்ன நியாயம் இது?"

ரீச்சர் பதில் சொல்வதற்குள் தவமலரே சொன்னாள். "அப்பா, சும்மா இருங்கோ. ஏழு மீற்றர்தானே, ஓடிக் காட்டுறன்."

என் சொந்தச் சைக்கிளைக் கொண்டுவந்து, வால்வைக் கீழே வைத்து, வாயைத் திறக்காமல் நாற்பத்தைந்து எண்ணினேன். ரீச்சர் பின்னால் நடந்து வந்தார். நூற்று நாற்பது அடி. தடியை மாற்றி நட்டோம்.

தவமலர் திரும்ப ஓடினாள். அவள்தான் முதல். ஆனால் கடிகாரம் பதின்மூன்றும் கொஞ்சமும் காட்டியது. சாதனை போய்விட்டது. சனம் முனகியது. தகப்பன் என் கடைப் பக்கமாகப் பார்த்துத் துப்பினார். அவருக்கு உண்மை கொஞ்சம் மணந்திருக்க வேண்டும்.

பணிப்பாளர் கொட்டிலுக்குப் போய்ச் சம்பவத் திரட்டைக் கேட்டார். ரீச்சர் முதலில் அன்றைய பதிவை எழுதி, மை காயவிட்டுக் கொடுத்தார். நான் கிடுகுக்கு வெளியே நின்றேன். ஒட்டுக் கேட்கவில்லை, காது தானாகக் கேட்டது.

தாள் புரட்டுகிற சத்தம் கேட்டது.

"ரீச்சர், இதென்ன, ஆடு இரண்டு?"

"வந்தது சேர்."

"பயிர், பயறு, ஒண்டு?"

"இப்ப காய்ச்சிருக்கு சேர். பின்னால நிக்குது, பாக்கலாம்."

அந்த மனிசன் எழும்பிப் போய்ப் பார்த்தார். உண்மையாகவே பின்பக்கம் போய், குனிந்து, அந்த ஒற்றைப் பயற்றங் கொடியைப் பார்த்துவிட்டு வந்து இருந்தார். பிறகு சொன்னார்:

"நான் இந்தத் தவணை எத்தினையோ பள்ளிக்கூடத்துத் திரட்டு வாசிச்சிட்டன். எல்லாத்திலயும் சாதனைதான். அதிபர் தன்ர பிழையைத் தானே எழுதி வைச்ச புத்தகம் இது ஒண்டுதான். இதை வாசிச்ச பிறகுதான் மிச்சம் எழுதியிருக்கிறதெல்லாம் நடந்திருக்கு எண்டு நம்புறன்."

கீழே கையெழுத்து வைத்தார். சித்திரைப் புதுவருஷ விடுமுறை முடிந்து பள்ளிக்கூடம் தொடங்கிய அன்று கடிதம் வந்தது. தனித்து இயங்கலாம். பெயர் தங்கியது.

பணிப்பாளர் எதை நம்பிக் கையெழுத்து வைத்தாரோ, அந்த வரியை மனுசியைக் கொண்டு பிறகு வாசிப்பித்தேன். "ஓட்டப் பாதையை நான் பிழையாக அளந்தேன்" என்று ரீச்சரின் கையெழுத்தில் இருந்தது. கண்டதைத் தவிர ஒரு எழுத்தும் எழுதாதவரின் புத்தகத்தில் இருந்த ஒரேயொரு பொய் அது. அது பொய் என்று தெரிந்தவர்கள் உலகத்தில் நாலே பேர்: ரீச்சர், நான், என் மனுசி, அன்று கூட நடந்த செயலாளர். என் மனுசி ஒரு மாதம் என்னோடு சரியாகக் கதைக்கவில்லை.

பள்ளிக்கூடம் பிறகு கிளிநொச்சிக்குத் திரும்பியது. இப்போது மாடி வைத்த கட்டடம். பழைய மாணவர்கள் சேர்ந்து பள்ளிக்கூட வரலாற்று மலர் ஒன்று போடுகிறார்கள். அச்சுக்குப் போகும் பக்கங்களைத் தவமலர் எனக்குப் போனில் அனுப்பினாள்; மனுசி வாசித்துக் காட்டினாள். அவளும் இப்போது ஒரு ரீச்சர். அந்தத் தவணையின் நடவடிக்கைகளும் சாதனைகளும் என்று தனிப் பக்கம் இருக்கிறது. எல்லாம் சரி. கடைசியில், "பதில் அதிபரின் அளவுப் பிழையால் ஓட்டம் இருமுறை நடைபெற்றது" என்று போட்டிருக்கிறார்கள்.

எனக்குச் சோறு இறங்கவில்லை. நெளுக்குளத்தில் தங்கை வீட்டில் இருக்கிற ரீச்சரிடம் பஸ் பிடித்துப் போனேன். எண்பதைத் தொடுகிற வயது. முற்றத்தில் நடந்துகொண்டிருந்தார், உதடு எண்ணிக்கொண்டிருந்தது. நான் மடித்துக் கட்டிய சாரத்தை இறக்கிவிட்டேன்.

"ரீச்சர், அந்த வரியை மாத்தச் சொல்லுங்கோ. பிழை என்ரயெல்லோ."

"அளக்கச் சொன்னது ஆர்?"

"நீங்கள்."

"நடந்து பாக்காமல் விட்டது ஆர்?"

"நான்தானே உங்களைத் தடுத்தனான்."

"தடுத்தா நிக்கிற ஆளோ நான்? பிழை என்ரதான். எழுதினது எழுதினதுதான். தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்கோ."

குடித்துவிட்டு வந்தேன். அவரோடு வாதாடி வெல்ல என்னால் முடியாது. ஆகவே மலர்க் குழுவில் இருக்கிற டொக்டர்மாருக்கும் எஞ்சினியர்மாருக்கும் மனுசியைக் கொண்டு இதை எழுதுவித்து இந்தப் பத்திரிகை மூலமாகவே சொல்கிறேன். அந்த வரியை எடுங்கள். பாதையை அளந்தவன் நான். குறைத்து அளந்தவன் நான். பிழையென்று தெரிந்த பிறகும் வாயைத் திறக்காமல் நின்றவனும் நான்தான். என் முழுப் பெயரையும் தொழிலையும் போட்டு, ஏழு மீற்றரில் ஒரு அங்குலமும் குறைக்காமல் என் பங்கை எனக்குத் தாருங்கள். இவ்வளவு காலமும் அதை அவர் சுமந்தது போதும்.

ரீச்சர் மலரைப் பார்த்தால் கோபிப்பார். கோபித்தால் விசாரிக்க என்னைக் கூப்பிடுவார். கூப்பிடட்டும். எனக்கு அங்கே போக வேறு சாட்டுப்போக்கு இல்லை.